ஜூனியர் வக்கீலுக்குக் கூலி எங்கே?

(திருவண்ணாமலையில் இளம் வக்கீல்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"வக்கீல்களின் கூலிப் பிரச்னை" என்று நோட்டீஸில் அச்சடித்திருந்ததைப் பார்த்து இந்த ஊரில் சிலர் சிரித்திருப்பார்கள். "ஆரணி நெசவாளிக்குக் கூலி உயர்வு கேட்டீர்கள், நியாயம். அறுப்புக்குப் போகிறவர்களுக்குக் கூலி கேட்டீர்கள், அதுவும் நியாயம். காரில் போகிற வக்கீலுக்குமா கூலி?" என்று கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

காரில் போகிற வக்கீல் இருக்கிறார். டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரே ஒரு நாள் எழுந்து நிற்பதற்குப் பல லட்சம் ரூபாய் வாங்குகிற வக்கீலும் இருக்கிறார். ஆனால் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் காலையில் டவுன் பஸ் ஏறி, வேங்கிக்கால் கோர்ட் வளாகத்தின் வாசலில் இறங்குகிறவரும் வக்கீல்தான். அவர் கையில் இருக்கிற கவுன் தைக்கக் கொடுத்த காசு, பெரும்பாலும் தகப்பனார் கடன் வாங்கிக் கொடுத்தது. இருவரும் போட்டிருப்பது ஒரே கறுப்பு அங்கி. இருவரும் பதிவு செய்திருப்பது ஒரே சட்டத்தின் கீழ். அங்கி ஒன்று என்பதற்காக வயிறும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு ஜூனியருடைய நாள் எப்படிப் போகிறது? இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியே இருக்கிற ஜனங்களுக்குத் தெரியாது. ஆகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலை எட்டு மணிக்குச் சீனியர் வீட்டு ஆபீஸ். அன்றைக்குள்ள கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். பத்தரைக்குள் கோர்ட். இரண்டு கோர்ட்டில் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஓடி ஓடி வாய்தா வாங்க வேண்டும். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், கனம் கோர்ட்டார் மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி, சீனியருக்கு விழ வேண்டிய திட்டைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நகல் மனுப் போட வேண்டும். குறை சொல்லித் திருப்பிய பிராதைச் சரிசெய்து மறுபடியும் கொடுக்க வேண்டும். மாலையில் மீண்டும் ஆபீஸ். கட்சிக்காரர்கள் சொல்கிற கதையைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். போதாக்குறைக்கு இப்போது கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கல் செய்கிற முறை வந்திருக்கிறது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிற வேலை யார் தலையில் விழுகிறது? சீனியருக்கு அந்தப் பெட்டியைத் தொடத் தெரியாது. ஆகவே அதுவும் ஜூனியர் வேலை. வீடு போய்ச் சேர இரவு பத்து.

இத்தனைக்கும் மாதம் பிறந்தால் என்ன கிடைக்கிறது? சில ஆபீஸ்களில் இரண்டாயிரம், மூவாயிரம். சில ஆபீஸ்களில் பஸ் காசு. சில ஆபீஸ்களில் தீபாவளிக்கு ஒரு வேட்டி. "நான் ஜூனியராக இருந்தபோது எனக்கு யார் கொடுத்தார்கள்? தொழில் கற்றுக் கொடுக்கிறேனே, அது போதாதா?" என்பது பதில். குருகுலத்தில் விறகு பிளந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் குருகுலத்தில் சோறாவது போட்டார்கள்!

இதே படிப்பைப் படித்த இன்னொருவரைப் பாருங்கள். அவர் சர்க்கார் தேர்வு எழுதி உதவி அரசு வழக்கறிஞரானால், ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அவரே சிவில் நீதிபதியானால், இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் கமிஷன் சிபாரிசின்படி, அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். அந்தச் சம்பளம் அதிகம் என்று நாம் சொல்லவில்லை. வேலை பெரிது, பொறுப்பு பெரிது, கொடுக்கட்டும். ஆனால் அந்த நீதிபதிக்கு எதிரே நின்று, ஏழைக் குடியானவனுக்காக வாதாடுகிற இளைஞனுக்குச் சம்பளம் சைபர் என்றால், அந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

இதை எந்தச் சட்டத்தால் நியாயப்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். வக்கீல் தொழில் கூலித் தொழில் அல்லவாம், கண்ணியமான தொழிலாம். கூலி என்ற வார்த்தையைக் காதில் கேட்டாலே தீட்டு. 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டமும், அதன் கீழே பார் கவுன்சில் வகுத்த விதிகளும் என்ன சொல்கின்றன? பதிவு பெற்ற வக்கீல், தொழில் நடத்துகிற காலத்தில், முழுநேரச் சம்பள வேலை எதிலும் இருக்கக் கூடாது. சொந்தமாக வியாபாரம் நடத்தக் கூடாது. விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைத் தேடக் கூடாது. சரி, இவையெல்லாம் தொழிலின் கண்ணியத்தைக் காக்க. ஆனால் இந்த விதிகளைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். வெளியே போய்ச் சம்பாதிக்காதே என்று ஒரு விதி. உள்ளே இருக்கிறவனுக்குச் சம்பளம் கொடு என்று விதியே இல்லை! கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, உள்ளே அடுப்பு மூட்டாமல் இருப்பதற்குப் பெயர் கண்ணியமா?

குமாஸ்தா நண்பர்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் கதை இன்னும் பழையது. பம்பாயில் ஒரு சொலிசிட்டர் கம்பெனியின் சிப்பந்திகள் போனஸ் கேட்டார்கள். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1962ல் சுப்ரீம் கோர்ட், சொலிசிட்டர் ஆபீஸ் என்பது தொழில் தகராறுச் சட்டத்தில் சொல்லப்படுகிற "தொழில்" அல்ல என்று தீர்ப்பளித்தது. வக்கீலின் மூளையிலிருந்துதான் பலன் பிறக்கிறதாம்; குமாஸ்தாவின் கைக்கு அதில் நேரடிப் பங்கு இல்லையாம். கட்டு தூக்குகிற கை, தாக்கல் தேதி தவறாமல் பார்க்கிற கண், இதெல்லாம் கணக்கில் வராது! 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தச் சுவரைப் பெரும்பாலும் இடித்தது. 1957ல் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரள மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் அவர். ஆனால் அவரும், ஒரு சின்ன உதவியாளை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்துகிற வக்கீலையும் வைத்தியரையும் "தொழில்" என்ற வேலிக்கு வெளியேதான் நிறுத்தினார். ஜில்லா ஊர்களில் பெரும்பாலான ஆபீஸ்கள் அப்படிப்பட்டவைதானே? ஆகவே பெரிய சுவர் இடிந்தபோதும் நம் தலைமேல் வெளிச்சம் விழவில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருவோம். 2024 ஜூன் மாதம், புதுச்சேரி வக்கீல்களின் சேமநல நிதி சம்பந்தமான ஒரு வழக்கில், சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியமும் சி.குமரப்பனும் அடங்கிய பெஞ்ச் ஓர் உத்தரவு போட்டது. இளம் வக்கீல்களிடம் வேலை வாங்கிக்கொண்டு ஊதியம் கொடுக்காமல் இருப்பது சுரண்டல் என்று அந்த நீதிபதிகள் கருதினார்கள். "சுரண்டல்" என்பது நம்முடைய வார்த்தை என்று இத்தனை நாள் கேலி செய்தவர்கள் கவனிக்க வேண்டும்! சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய்; மற்ற ஜில்லாக்களில் குறைந்தது 15,000 ரூபாய்; ஆண், பெண் என்ற பேதம் காட்டக் கூடாது. இதைத் தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த மாதமே சுற்றறிக்கையும் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று நாடு முழுவதற்கும் பரிந்துரை அனுப்பியது.

சுற்றறிக்கை வந்தது, சம்பளம் வந்ததா? நீங்களே சொல்லுங்கள். (சபையில் சிரிப்பு.)

சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானால், அதைக் கொடுக்காத முதலாளி வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் போய் நிற்க இடமுண்டு. சம்பளப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்கலாம். இங்கே பதிவேடு எங்கே? ஜூனியர் என்று எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே? புகார் கொடுக்கலாம் என்றால், யாருக்கு எதிராக? நாளைக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எதிரே நிற்கப் போகிற அதே சீனியருக்கு எதிராக. புகார் யாரிடம்? சீனியர்களே தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்திருக்கிற கவுன்சிலிடம்! பூனைக்கு மணி கட்டச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டார்கள். மணியை எலியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இருபதுக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னையில் செலவு அதிகம், திருவண்ணாமலையில் குறைவு என்பது வாதம். பொதுவாக அது சரிதான். ஆனால் திருவண்ணாமலையை மற்ற ஜில்லாத் தலைநகர்களோடு சேர்த்து எண்ணுகிறவர்கள் ஒரு பௌர்ணமியன்று இங்கே வந்து பார்க்க வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையை ஒட்டிய அறைகள் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. நாள் வாடகை கிடைக்கிற இடத்தில் மாத வாடகைக்கு, அதுவும் கல்யாணமாகாத ஜூனியர் வக்கீலுக்கு, அறை கொடுப்பவர் யார்? தீபத்தன்று கேட்கவே வேண்டாம். சாமி கும்பிட வருகிறவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களால் இந்த ஊரில் பிழைக்கிற ஏழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாம் சொல்வது, கோவில் ஊரின் வாடகை கோவில் ஊரின் வாடகைதான், அது எந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டுப்படுவதில்லை என்பதே. அந்தப் பதினைந்தாயிரமாவது ஒழுங்காகக் கைக்கு வரட்டும். வித்தியாசத்தைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபணை வருகிறது. அதை மறைக்கக் கூடாது. "நான் சீனியர்தான். ஆனால் எனக்கே மாதம் முப்பதாயிரம் நிச்சயமில்லை. ஜீவனாம்ச வழக்கும், வரப்புத் தகராறும், ஒன்றிரண்டு விபத்து வழக்கும்தான் என் தொழில். கட்சிக்காரன் பீஸுக்குப் பதிலாக ஒரு மூட்டை மணிலாக்கொட்டை கொண்டுவந்து போடுகிறான். நான் பதினைந்தாயிரத்துக்கு எங்கே போவேன்?" என்று கேட்கிற சீனியர்கள் இந்த ஜில்லாவில் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்தவாசியிலும் செய்யாறிலும் முப்பது வருஷம் தொழில் செய்தும் சொந்த வீடு இல்லாத வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்களையும் கம்பெனி வழக்குகளில் கொழுத்த பெரிய ஆபீஸ்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. பெரிய ஆபீஸ் கொடுக்கக் கூடியது, கொடுக்க மறுக்கிறது. சின்ன ஆபீஸ் கொடுக்க முடியாதது. முன்னவர் கொடுத்தே ஆக வேண்டும். பின்னவருடைய ஜூனியருக்குச் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

சர்க்கார் ஏன் கொடுக்க வேண்டும்? ஏனென்றால் சர்க்கார் வாங்குகிறது! பிராது போடுகிற ஒவ்வொருவரும் கோர்ட் கட்டணம் கட்டுகிறார்கள். 1955ஆம் வருஷத்துக் கோர்ட் கட்டணச் சட்டப்படி வாங்கிவந்த விகிதத்தை 2017ல் 7.5 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அதை நாம் வரவேற்றோம். ஆனாலும் நியாயம் கேட்டு வருகிறவர்கள் கட்டுகிற பணம் கஜானாவுக்குப் போகத்தான் செய்கிறது. அதில் ஒரு பங்கு, நியாயத்துக்காக ஓடுகிற இளைஞனுக்கு வந்தால் என்ன?

வந்ததே என்பார்கள். 2020ல் தமிழ்நாடு சர்க்கார், ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை என்று அறிவித்தது. அறிவிப்பு நல்லதே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், நாளொன்றுக்கு 115 ரூபாய். 2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். ஏரி தூர்வாருகிற நம் தாய்மார்களுக்கு அந்த 319 ரூபாயே போதாது. அதில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து வருஷம் சட்டம் படித்தவனுக்கு! பக்கத்துக் கேரளத்தில் 2018ல் 5,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவு போட்டார்கள். அதுவும் கைக்கு வந்து சேரச் சில வருஷங்கள் ஆயிற்று, அதற்காக ஹைகோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. வக்கீல்களே தங்கள் உதவித்தொகைக்கு வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால், மற்ற ஜனங்களின் கதி என்ன!

பதிவுக் கட்டணத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய்தான். தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்களுக்கு 125 ரூபாய். ஆனால் பல மாநில பார் கவுன்சில்கள் அது இது என்று பெயர் வைத்து 15,000 முதல் 42,000 வரை வசூலித்து வந்தன. படித்து முடித்த பையன் முதல் நாள் தொழிலுக்குப் போவதற்கு முன்பே, அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. 2024 ஜூலை 30ந் தேதி சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் சொன்னதற்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, இப்படிப்பட்ட கட்டணங்கள் பின்தங்கிய மக்களின் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்று ஒப்புக்கொண்டது. ஆனால் முன்பு கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது என்றும் சொல்லிவிட்டது. தோடு போனது போனதுதான்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 2025 மே 20ந் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பளித்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று. 2002க்குப் பிறகு, படிப்பு முடித்தவுடனேயே தேர்வு எழுதலாம் என்றிருந்தது, அது மாறியது. புத்தகத்தை மட்டும் பார்த்தவன் நீதிபதியாகக் கூடாது, கோர்ட்டைப் பார்த்தவன்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் சொல்கிற காரணம். காரணத்தில் தவறில்லை. கோர்ட் அனுபவம் இல்லாத நீதிபதியிடம் நாம் எல்லோரும் அவதிப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த மூன்று வருஷத்தை எதைத் தின்று கழிப்பது? தகப்பனார் மில் முதலாளியாகவோ, மாமனார் பெரிய வக்கீலாகவோ இருக்கிறவனுக்கு மூன்று வருஷம் ஒரு பொருட்டல்ல. கலசபாக்கம் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து, முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வந்த பெண்ணுக்கு? அவள் விழுப்புரத்திலோ வேலூரிலோ சர்க்கார் சட்டக் கல்லூரியில் படித்து முடித்தாள். வீட்டில் தம்பி படிக்கிறான். சம்பளமில்லாத மூன்று வருஷம் அவளால் தாங்க முடியுமா? தாங்காது. அவள் ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போய்விடுவாள். அப்படிப் போனால் அவள் நீதிபதி நாற்காலிக்குப் போகிற வழி அடைபட்டுப் போகும். யாரும் அவளைப் பார்த்து "நீ வரக் கூடாது" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பட்டினி சொல்லிவிட்டது.

நீதிபதி நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, சட்டம் ஒன்றுதானே என்று கேட்கிறவர்களுக்கு வெண்மணியை ஞாபகப்படுத்துகிறோம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 விவசாயத் தொழிலாளர் குடும்பத்து ஜீவன்கள் ஒரே குடிசையில் எரிந்தார்கள். 1973ல் ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற கௌரவமான மிராசுதார்கள், தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. சட்டப் புத்தகம் ஒன்றுதான், தோழர்களே. அதைப் படிக்கிற கண், எந்தத் தெருவில் வளர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குடிசையில் பிறந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கார் இருக்கிறது என்பதை நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டிருப்பாரா?

நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் நம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். அதற்கு முன்பே, 2013ல் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் ஆந்திரச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி கோர்ட், 287 பேரைக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் அநேகம். ஜவ்வாதுமலையில் சாமை விதைக்கிற குடும்பம், அடுத்த மாநிலத்துக் கோர்ட்டில், பாஷை தெரியாத இடத்தில், ஜாமீனுக்கு மனுப் போட வக்கீலுக்கு எங்கே போகும்? பீஸ் இல்லாமல் வருகிற வக்கீல் வேண்டும். பீஸ் இல்லாமல் வருகிற வக்கீல் உயிர் வாழ வேண்டுமானால், அவருக்கு வேறு எங்கிருந்தாவது நியாயமான வருமானம் வர வேண்டும். ஜூனியரின் சம்பளம் ஜூனியரின் சொந்த விவகாரம் அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

2023 நவம்பரில், செய்யாறு சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த மேல்மா பகுதி விவசாயிகள் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, சில நாட்களில் 6 பேர் மீதான உத்தரவை சர்க்கார் திரும்பப் பெற்றது. அப்போதும் முதலில் தேவைப்பட்டது என்ன? போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு நள்ளிரவில் வந்து நிற்க ஒரு வக்கீல்.

இந்த மரபு நமக்குப் புதிதல்ல. 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளுக்காக நின்றவர் வ.உ.சிதம்பரனார், ஒரு வக்கீல். சிறைக்குப் போனார், சன்னதையும் இழந்தார். வெளியே வந்து வறுமையில் வாடினார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1921ல் ஒத்துழையாமை நாட்களில் கவுனைக் கொளுத்திவிட்டு வந்தவர் ம.சிங்காரவேலர். 1923ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர் அவர்தான். இவர்கள் தியாகம் செய்தார்கள். தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் தியாகத்தை விதியாக்கி, மாதாமாதம் ஜூனியரிடம் பிடித்தம் செய்யலாம் என்று அவர்கள் யாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

பெண் வக்கீல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்தது 1923ல். நூறு வருஷம் கழித்தும் நிலைமை என்ன? 2021ல் அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா, நாட்டின் வக்கீல்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் என்றார். ஏன் என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வார்கள். ஒன்றைச் சொல்ல மாட்டார்கள்: "உனக்கென்னம்மா, புருஷன் சம்பாதிக்கிறார்" என்று சொல்லி, ஆண் ஜூனியருக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுக்கிற சீனியர்களைப் பற்றி. ஹைகோர்ட் உத்தரவில் ஆண் பெண் பேதம் கூடாது என்று ஒரு வரி எழுத வேண்டி வந்ததே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேருடைய அவமானம் இருக்கிறது!

வக்கீல்கள் கூலிக்காகப் போராடினால் உலகம் சிரிக்குமா? 2022ல் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். தலையில் குதிரைமயிர் டோப்பா வைத்த பாரிஸ்டர்கள், கிரிமினல் வழக்குகளில் வாதாடுகிறவர்கள், செப்டம்பர் 5ந் தேதி முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். கோர்ட் வாசலில் அங்கியோடு மறியல் நின்றார்கள்! இலவச சட்ட உதவி வழக்குகளுக்கு சர்க்கார் கொடுக்கிற பீஸ் போதவில்லை. தொழிலுக்கு வந்த முதல் மூன்று வருஷத்தில் ஜூனியரின் நடுத்தர வருமானம் ஆண்டுக்கு 12,200 பவுன்தான், அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு என்று அவர்கள் சங்கம் கணக்குக் காட்டியது. அக்டோபரில், 15 சதவிகித உயர்வை நடப்பு வழக்குகளுக்கும் கொடுக்க ஒப்பந்தமாயிற்று. நம்மூர் வக்கீல் தொழிலுக்கு நடை, உடை, பாவனை எல்லாம் கற்றுக் கொடுத்த நாடு அது. கவுனையும் கழுத்துப்பட்டையையும் அங்கிருந்து வாங்கிக்கொண்டோம். இதையும் வாங்கிக்கொள்ளலாம். மத்திய அமெரிக்காவிலே கோஸ்டாரிகா என்று ஒரு சிறு நாடு. அங்கே சர்க்கார் வெளியிடுகிற குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் வயல் தொழிலாளிக்கு ஒரு வரி இருப்பதுபோல், சம்பளத்துக்கு வேலை பார்க்கிற சர்வகலாசாலைப் பட்டதாரிக்கும் ஒரு வரி உண்டு. வக்கீல் பீஸுக்கும் சர்க்கார் ஆணைப்படி விகிதம் உண்டு. அதனால் அந்த நாட்டு வக்கீல்களின் கண்ணியம் கப்பலேறிப் போய்விடவில்லை.

நம் சர்க்காரே ஒருவிதத்தில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை நடத்த மாதச் சம்பளத்துக்கு முழுநேர வக்கீல்களை ஜில்லாதோறும் நியமிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்த முறைதான், குறைகள் உண்டு. ஆனால் வக்கீலுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் ஆகாயம் இடிந்து விழாது என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஜூனியராகச் சேரும்போது ஒரு கடிதம்: இன்ன தேதியிலிருந்து, இன்ன தொகை. அதன் நகல் பார் கவுன்சிலுக்கு. தொகை பாங்குக் கணக்கில் வர வேண்டும், கையில் அல்ல. கொடுக்க முடியாத சின்ன ஆபீஸ்களின் ஜூனியர்களுக்கு, கோர்ட் கட்டணத்திலிருந்து ஒதுக்கிய நிதியிலிருந்து சர்க்கார் மூன்று வருஷம் கொடுக்க வேண்டும். நீதிபதி தேர்வுக்கு மூன்று வருஷம் கேட்கிறவர்கள் அந்த மூன்று வருஷத்துக்குப் பொறுப்பேற்கட்டும். புகாரை விசாரிக்கிற கமிட்டியில் பத்து வருஷத்துக்குக் குறைந்த அனுபவமுள்ளவர்களும் பெண்களும் இருக்க வேண்டும். குமாஸ்தாக்களுக்கும் எழுத்துமூலமான சம்பளம் வேண்டும்.

இதையெல்லாம் கேட்கும்போது, "உங்கள் ஜில்லாவில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, கணக்கு உண்டா?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் கோர்ட்டுகளில் அடுத்த பௌர்ணமிக்குள் இந்த வேலை முடிய வேண்டும். வாசலருகே மேஜையில் அச்சடித்த தாள் வைத்திருக்கிறோம். எத்தனை வருஷமாகத் தொழில், எத்தனை மணி வேலை, சென்ற மாதம் கைக்கு வந்தது எவ்வளவு, ஆணா பெண்ணா: நான்கே கேள்விகள். உங்கள் பெயரையும் எழுத வேண்டாம், சீனியர் பெயரையும் எழுத வேண்டாம். போகும்போது ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்துச் செல்லுங்கள்.